அம்மாவின் பல் ஆடுகிறது, சீனியும் ஏறுகிறது: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

துளசி, வெள்ளவத்தை

வணக்கம். அம்மாவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் வந்து 12 வருடமாகிறது. மெட்போர்மினும் இன்னொரு குளிசையும் எடுக்கிறார். பிரஷருக்கு அம்லோடிபின், இரவில் ஓர் அஸ்பிரின். கிளினிக் நாளை ஒருபோதும் தவறவிட்டதில்லை. கொப்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவாமிப் படத்துக்குக் கீழே வைத்திருப்பார். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை போன வருடம் 7.4 இருந்தது. இந்த முறை 9.1. குளிசை விடுபடவில்லை, வாராந்தப் பெட்டியில் போட்டு வைப்பதே நான்தான். சோற்றைக் குறைத்துவிட்டார், இனிப்புப் பக்கம் போவதே இல்லை. அப்படியிருக்க, கிளினிக்கில் "களவாக ஏதோ சாப்பிடுகிறீர்கள் போல" என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மா அழுதார்.

அதற்குப் பிறகுதான் நான் அவரைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது, வாய் படும் இடத்தில் மங்கிய பழுப்பாகச் சின்னச் சின்ன வட்டங்கள். எச்சில் கறை என்று நினைத்தேன். கிட்டக் கொண்டுபோய் மணந்தால் இரும்பு வாடை. கேட்டதற்கு, "முரசில இரத்தம் கசியும், அது எப்பவும் உள்ளதுதானே" என்றார். எப்போதிருந்து என்று துருவினால் மூன்று வருடமாம். கீழ் முன்பல் இரண்டு, நாக்கால் தள்ளினால் அசைகின்றன. வாய் மணக்கிறது என்பதால் பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதை நான் வேறு விதமாக அல்லவா நினைத்திருந்தேன்.

சாப்பாட்டையும் கவனித்தேன். காலையில் பாணின் கரையைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு, நடுச்சதையை மட்டும் பிளேன்டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறார். பின்னேரம் ரஸ்க், அதுவும் தோய்த்துத்தான். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, "தோய்க்கிற தேத்தண்ணிக்கு மட்டும் ஒரு கரண்டி" என்கிறார். கடலை, முருங்கைக்காய், கீரைத்தண்டு எல்லாம் எப்போது அவருடைய தட்டிலிருந்து போயின என்று எனக்கே தெரியவில்லை.

சொந்தக்காரர் எல்லாரும் "வயசு போனால் பல் ஆடத்தானே செய்யும்" என்கிறார்கள். அம்மாவுக்குப் பல் வைத்தியம் என்றாலே பயம். இருபது வயதில் ஊரில் ஒருவர் சரியாக விறைக்க முன்பே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்களாம். அதோடு பல் வைத்தியர் வாசலை மிதித்ததில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். சீனி ஏறியதற்கும் இந்த முரசுக்கும் தொடர்பு இருக்கிறதா, அல்லது நான் இரண்டையும் வீணாக முடிச்சுப் போடுகிறேனா? சீனி 9க்கு மேல் இருக்கும்போது பல்லில் கை வைக்கலாமா, முதலில் சீனியைக் குறைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா? அஸ்பிரின் எடுப்பதால் இரத்தம் நிற்காமல் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரமணன், கொட்டாஞ்சேனை

அக்கா, என் அப்பாவுக்கும் இதே கதை. ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு பிரயோசனம் இல்லை, பிடுங்கிவிட்டுப் பல் செட் கட்டினால் பிரச்சினை முடிந்தது. அஸ்பிரினை ஒரு கிழமைக்கு நிறுத்திவிட்டுப் போங்கள், அப்பா அப்படித்தான் செய்தார். அதுவரைக்கும் கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு முரசில் வைக்கச் சொல்லுங்கள், நோ குறையும்.

மங்களம், தெஹிவளை (ஓய்வுபெற்ற பல் வைத்தியர்)

மகள் துளசி, உங்கள் அம்மா களவாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றே நான் நம்புகிறேன். நீங்கள் போட்டது வீண் முடிச்சும் இல்லை.

முதலில் தம்பி ரமணனுக்கு ஒரு வார்த்தை. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அஸ்பிரின் விஷயத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணமாகப் பல் சுத்தம் செய்வதற்கோ ஒன்றிரண்டு பல் பிடுங்குவதற்கோ அஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. கசிகிற இரத்தத்தைப் பஞ்சை இறுக்கிக் கடிக்கவைத்து நிறுத்திவிடலாம். இதயத்துக்காக அதை எடுக்கிற ஒருவர் தன்பாட்டில் நிறுத்தினால் வரக்கூடிய இரத்தக்கட்டியைப் பஞ்சு வைத்து நிறுத்த முடியாது. கராம்புத் தைலத்தை நேரே முரசில் வைத்தால் தசை வெந்துபோகும். அப்படி வெள்ளையாக வெந்த முரசோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் 31 வருடம் அரசாங்கப் பல் கிளினிக்குகளில் வேலை செய்தவள். இந்த நாட்டில் வயசின் தலையில் போடப்படுகிற பழிகளில் பல் ஆட்டம் பெரியது. அது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற விஷயம்.

பல்லைச் சுற்றி முரசு அழன்று, மெல்லப் பல்லிலிருந்து விலகி, உள்ளே ஒரு பை மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பையின் உட்சுவர் தோல் மூடாத புண். வெளியே தெரியாது, ஏனென்றால் அது பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் இருக்கிறது. நோய் வாய் முழுக்கப் பரவிய ஒருவருடைய இப்படியான புண்களை எல்லாம் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 8 முதல் 20 சதுர சென்ரிமீற்றர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் மேற்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தக்காரியான உங்கள் அம்மாவின் பாதத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு புண் இருந்து, மூன்று வருடமாக அதில் இரத்தம் கசிந்திருந்தால், வீட்டில் யாராவது நித்திரை கொண்டிருப்பீர்களா? வாய்க்குள் இருந்தபடியால் "எப்பவும் உள்ளதுதானே" ஆகிவிட்டது.

வயசுக் கதைக்கு வருகிறேன். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பேராதனையில் பல் வைத்தியம் படித்த காலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தது. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு நிபுணரும் அவருடைய குழுவினரும் 1970இல் தொடங்கி 15 வருடம், நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களின் வாயைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்து எழுதியது. தொடங்கும்போது அவர்களுக்கு 14 முதல் 31 வயது. பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் பழக்கம் இல்லை, பல் வைத்தியமும் எட்டவில்லை. எல்லார் வாயிலும் அழுக்கு, காரை, வீங்கிய முரசு. ஆனால் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் ஓட்டமாக ஓடி, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 பேருக்கு மெதுவாகப் போனது, அதே வயதில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு முரசு வீங்கியதோடு சரி, பல்லைத் தாங்குகிற எலும்பு வரைக்கும் நோய் இறங்கவே இல்லை.

அந்தப் பக்கங்களை வாசித்த இரவு எனக்கு அப்பாவின் வாய்தான் கண்ணுக்குள் நின்றது. அப்பாவுக்கு நாற்பது வயதில் கீழ் வரிசையில் மூன்றோ நான்கோ பல்தான் இருந்தன. காலையில் மலைக்குப் போகுமுன் கோதுமை ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப் போட்டு, அது கரையக் காத்திருப்பார். பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியப்பா அதே ரொட்டியைக் கடித்துக் கிழித்துச் சாப்பிடுவார், இத்தனைக்கும் அப்பாவை விட ஒன்பது வயது மூத்தவர். ஒரே மலை, ஒரே வேலை, ஒரே அழுக்கு. வயசுதான் காரணம் என்றால் பெரியப்பாவின் பல் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? நோயைத் தொடக்குவது பல்லில் படியும் அழுக்கு. அது எவ்வளவு வேகமாக எலும்பைத் தின்னும் என்பதை உடம்பு தீர்மானிக்கிறது. அந்த உடம்பில் சீனி நிற்கிறதா, புகைக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் கணக்கில் வருகிறது.

அதே ஹரால்ட் லோதான் 1993இல், முரசு நோயைச் சீனி வருத்தத்தின் ஆறாவது சிக்கல் என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய இரத்தக் குழாய்கள், புண் ஆறாமை என்று அதுவரை சொல்லிவந்த ஐந்தோடு இது ஆறாவது. கிளினிக்கில் கண்ணுக்கு அனுப்புகிறார்கள், காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சிறுநீர் சோதிக்கிறார்கள். "வாயைத் திறவுங்கள்" என்று சொல்வது மிகக் குறைவு.

தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. இரத்தத்தில் சீனி கூடி நின்றால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளைக் கலங்கள் சரியாக வேலை செய்யாது, புண் ஆறாது, முரசு கெடும். மறுபக்கம், கெட்ட முரசு இரவு பகலாக அழன்றுகொண்டே இருக்கிறது. அந்த அழற்சியில் உண்டாகும் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து, இன்சுலின் சொல்வதை உடம்பின் கலங்கள் கேட்காதபடி செய்கின்றன. குளிசை அதே குளிசைதான், ஆனால் வேலை செய்யவிடாமல் ஒன்று பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இழுப்பது எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வின்படி, முரசுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 குறைகிறது. ஆகவே பல்லைச் சுத்தம் செய்த உடனே 9.1 போய் 7 வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிசையும் உணவும் அவற்றின் வேலையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு குளிசை கூட்டிக் கிடைக்கிற பலனுக்கு இது அவ்வளவு தூரத்தில் இல்லை.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பாண். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். சப்ப முடியாதவர் எதைச் சாப்பிடுவார்? கரை நீக்கிய பாண், ரஸ்க், குழைந்த சோறு, சவ்வரிசிக் கஞ்சி. எல்லாம் வாயில் வைத்தவுடன் கரைந்து, சீனியாக இரத்தத்தில் ஏறுகிற மா. எவையெல்லாம் போயின? கடலை, கீரை, முருங்கைக்காய்: நாரும் புரதமும் உள்ளவை, மென்று சாப்பிட வேண்டியவை. அம்மா சோற்றைக் குறைத்தது உண்மை. அந்த இடத்தைப் பாண் நிரப்பியதை அவர் ஒரு குற்றமாக நினைக்கவே இல்லை, ஏனென்றால் அது அவருக்கு இனிப்பு அல்ல, நோகாத சாப்பாடு. தோய்க்கிற தேத்தண்ணியின் அந்த ஒரு கரண்டியையும் சேர்த்துக் கிளினிக்கில் சொல்லுங்கள். "பல் நோவதால் இப்படித்தான் சாப்பிடுகிறார்" என்று சொன்னால், கேட்கிற டொக்டர் வேறு விதமாகக் கேட்பார்.

போவதைப் பற்றி. சீனி குறையட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். சுத்தம் செய்யும் வைத்தியம்தான் சீனியைக் குறைக்க உதவப்போகிறது, பிறகு எதற்குக் காத்திருப்பது? பல் பிடுங்குவது, வெட்டித் தைப்பது என்று வந்தால் அன்றைய சீனியைப் பார்த்துவிட்டு அவர்களே நாள் சொல்வார்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வாயைத் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். காலையில் போங்கள். வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போகாதீர்கள்: சாப்பிட்டு, குளிசை போட்டு, கைப்பையில் இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டோடு. வரிசையில் இருக்கும்போது சீனி இறங்கி மயங்கியவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம். கொழும்பு வோட் பிளேஸில் உள்ள அரசாங்கப் பல் வைத்தியசாலையில் முரசு நோய்க்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை. அங்கே "பல் பிடுங்க வந்தோம்" என்று சொல்லாதீர்கள். "முரசில் இரத்தம், பல் அசைகிறது, சீனி 9.1" என்று சொல்லுங்கள். ஒரு மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளப்பார்கள். மூன்று மில்லிமீற்றர் வரை நல்லது. அதற்கு மேல் போகப் போக ஆழமான பை.

அம்லோடிபின் சிலருக்கு முரசைத் தடிக்கவைக்கும். அம்மாவின் முரசு பல்லின் மேல் ஏறி நிற்பது போல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் மாற்றுவது கிளினிக் டொக்டரின் வேலை.

வாயைப் பார்த்து உடம்பை அறிவது என்றால் ஒருவரை நான் மறக்கவே மாட்டேன். பஸ் கண்டக்டர், 35 வயது இருக்கும். ஒரே வருடத்தில் மூன்று முறை முரசில் சீழ்க்கட்டி, ஒவ்வொரு முறையும் வேறு பல்லில். இரண்டு முறை கீறிச் சீழை எடுத்து மருந்து கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் முறை வந்தபோது, ஒரு சோடாப் போத்தலை முடித்துவிட்டு இன்னொன்றைத் திறந்தபடி கதிரையில் உட்கார்ந்தார். தாகம் தாகம் என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இரத்தம் சோதிக்க அனுப்பினேன், சீனி 340. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று அவருடைய வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதல் கட்டியிலேயே நான் அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு திரும்பத் திரும்பக் கட்டி வருகிற யாரையும் சீனி பார்க்காமல் நான் விட்டதில்லை.

மாரடைப்பும் முரசால்தான் வருகிறது என்று இப்போது கைபேசியில் நிறையச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படுவது உண்மை. ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்று நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எழுதியது. அம்மாவை அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். சீனிக் கதையே போதுமான காரணம்.

வீட்டில் இன்று இரவே தொடங்குங்கள். மென்மையான பிரஷ், முரசும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து, மெல்ல. இரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் எல்லாரும் செய்வது. அந்த இடத்துக்குத்தான் பிரஷ் அதிகம் தேவை. அவருடைய பயத்தைப் பற்றி: உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த இருபது வயதுக் கதையை டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். கேட்டபின் எந்த வைத்தியரும் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டார்.

ஜெஸ்மின், மட்டக்குளி

மங்களம் டொக்டர் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்குச் சின்ன வயதில் ருமட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுது. மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட்டு, வளர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது மறந்தே போய்விட்டது. 34 வயதில் ஒரு சூத்தைப் பல். மாதக்கணக்காகப் பல்லுக்கொதியைப் பனடோலால் சமாளித்து, கடைசியில் போய்ப் பிடுங்கினான். படிவத்தில் "வேறு நோய் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதியதே நான்தான்.

மூன்றாவது கிழமை பின்னேரங்களில் காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு, வேறென்ன. நாள் விட்டு நாள் இரத்தம் சோதித்தோம், பிளேட்லெட் சரியாக இருந்தது. வைரஸ் என்றார்கள். விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது, காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தான். ஒரு நாள் நகத்துக்குக் கீழே கறுப்பாகச் சின்னச் சின்னக் கோடுகள், சிலாம்பு குத்தியது போல. ஒரு வைத்தியர் அந்த நகத்தைப் பார்த்ததும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்து, "பல் ஏதும் பிடுங்கினீர்களா?" என்று கேட்டார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் வால்வின் மேல் கிருமி படர்ந்திருந்தது. ஆறு கிழமை வார்டில், கையில் ஊசி ஏறியபடியே.

தம்பி இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தப் படிவத்தில் நான் கோடு போட்ட இடம் என் மனதை விட்டுப் போகவில்லை. வீட்டில் யாருக்காவது இதயத்தில் சின்ன வயதுப் பிரச்சினை இருந்தால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், பல் கதிரையில் உட்காருமுன் சொல்லுங்கள்.

மங்களம், தெஹிவளை (ஓய்வுபெற்ற பல் வைத்தியர்)

ஜெஸ்மின் மகள், அந்தக் கோட்டை நீங்கள் சுமந்துகொண்டு திரியாதீர்கள். பல் பிடுங்கியதால்தான் கிருமி போனது என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மாதக்கணக்காக அழுகிய பல் வாயில் இருந்தாலே, சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் கிருமி இரத்தத்துக்குள் போய்வரும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கும் முன்பு இந்த நோய் வந்தவர்களுக்கும் பல் பிடுங்குமுன் அன்ரிபயொட்டிக் கொடுப்பது வழக்கம். உங்கள் தம்பி இப்போது இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துவிட்டார், ஆகவே இனி எந்தப் பல் வேலைக்கும் முன்பு சொல்லியே ஆக வேண்டும். அதை விடப் பெரிய பாதுகாப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டி முரசைப் புண் இல்லாமல் வைத்திருப்பது.

சிவா, வத்தளை

டொக்டர், குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஒன்பது வருடமாக மெட்போர்மின். பல்லில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நாக்கு எரிகிறது. குழம்பில் காரமே இல்லாத நாளிலும் எரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் நாக்கு வழவழவென்று சிவந்து பளபளக்கிறது. வாய் கழுவும் மருந்து இரண்டு போத்தல் முடித்துவிட்டேன்.

மங்களம், தெஹிவளை (ஓய்வுபெற்ற பல் வைத்தியர்)

மூன்றாவது போத்தல் வாங்காதீர்கள். மெட்போர்மினை நீண்ட காலம் எடுப்பவர்கள் சிலருக்கு விற்றமின் பி12 குறையும், நாக்கின் மேலுள்ள சொரசொரப்பு மறைந்து இப்படி எரியும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இப்படி வரும், பூஞ்சணத்தாலும் வரும். கிளினிக்கில் நாக்கைக் காட்டி, பி12உம் முழு இரத்தச் சோதனையும் கேளுங்கள். கால் விரல்களில் விறைப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் பி12 கதையாக இருக்கலாம். மெட்போர்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துளசி, வெள்ளவத்தை

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். மங்களம் அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்தோம்.

காலை ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்து வோட் பிளேஸ் போய் நம்பர் துண்டு எடுத்தோம். இடியப்பமும் சொதியும் சாப்பிட வைத்துத்தான் கூட்டிப் போனேன். உள்ளே போனதும் அம்மா அந்த இருபது வயதுக் கதையைச் சொன்னார், பாதியில் குரல் உடைந்தது. இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம்தான் வரும். கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, "அம்மா, நோகுது என்றா கை தூக்குங்க, நான் நிப்பாட்டுவேன்" என்றார். முதல் பல்லிலேயே அம்மா கையைத் தூக்கினார், நோகவில்லை என்று பிறகு எனக்குச் சொன்னார், உண்மையாகவே நிறுத்துவாரா என்று பார்க்கத்தானாம். நிறுத்தினார். அதற்குப் பிறகு அம்மா கையைத் தூக்கவே இல்லை.

அளந்து அளந்து பக்கத்தில் எழுதுபவரிடம் ஆங்கிலத்தில் எண் சொல்லிக்கொண்டு போனார். திரீ, போர், போர், சிக்ஸ். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் எயிட் என்றது கேட்டது. கீழ் முன்பல் இரண்டையும் காப்பாற்ற முடியாது என்றார்கள், சீனியைப் பார்த்துப் பிறகு நாள் தந்து எடுத்தார்கள். மற்றவை நிற்குமாம். சுத்தம் செய்வதை நான்கு முறையாகப் பிரித்துச் செய்தார்கள். அஸ்பிரினை நிறுத்தவில்லை, பல் எடுத்த அன்று அரை மணித்தியாலம் பஞ்சைக் கடித்ததோடு இரத்தம் நின்றது. பல்லிடையில் விடுகிற குட்டிப் பிரஷ் ஒன்று எழுதித் தந்தார்கள், போத்தல் கழுவுகிற பிரஷ் மாதிரி, நெருப்புக்குச்சியை விடச் சின்னது. அம்மா ஒவ்வொரு இரவும் குசினி வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அதோடு இருக்கிறார்.

கிளினிக் டொக்டரிடம் பாண் கதையைச் சொன்னோம். கொப்பியில் எழுதிக்கொண்டார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அம்மா, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அவ்வளவுதான், இருவரும் சிரித்தார்கள். பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டும் அவித்த கடலையும் எழுதித் தந்திருக்கிறார். அம்லோடிபினை இப்போதைக்கு மாற்றவில்லை, முரசு தடிக்கவில்லையாம்.

போன கிழமை துவைத்த தலையணை உறையில் ஒரு கறையும் இல்லை. நேற்று மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பு. தங்கைச்சி மறதியில் அம்மாவின் தட்டிலும் நான்கு துண்டு போட்டுவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போன பிறகு பார்த்தால், தட்டின் ஓரத்தில் நன்றாகச் சப்பி உறிஞ்சிய சக்கை, வரிசையாக.

அடுத்த எச்பிஏ1சி கார்த்திகையில். எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.